ஜப்தி லிஸ்டில் ஒரு பள்ளிக்கூடம்

போன மாதம் வரி அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். கையில் தகர அச்சும் மை டப்பாவும். எங்கள் தெருவுக்கு மறுபடியும் புது நம்பர் போடுகிறார்களாம். வாசலில் அச்சை வைத்து மையைத் தடவிக்கொண்டே, "ஐயா, நீங்களும் எங்க டிபார்ட்மெண்டுதானாமே? அந்தக் காலத்துல நம்பர் மாத்துனப்ப கொழப்பம் வரலையாங்க?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன், அன்றைக்கு முழுக்க வேறு வேலை ஓடவில்லை. குழப்பம் வந்தது தம்பி. அதைச் செய்தவன் நான்தான்.

வையம்பட்டிக்காரன் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, இரண்டு வருடம் சும்மா சுற்றி, ஐம்பதுகளின் நடுவில் நகராட்சியில் பில் கலெக்டராகச் சேர்ந்தேன். புத்தூரில் நான்கு பேரோடு ஒரு அறை. எந்த நகராட்சி என்று கேட்காதீர்கள். பின்னால் காவிரியின் இரண்டு கரையிலும் வேலை பார்த்திருக்கிறேன். மலைக்கோட்டை தெரிகிற தெருவில் நடந்தது என்று வேண்டுமானால் சொல்கிறேன், அது எந்தக் கரையிலிருந்தும் தெரியும்.

அரையாண்டுக்கு ஒரு பில். அதில் வீட்டு வரி, தண்ணீர் வரி, விளக்கு வரி, கல்வி வரி என்று தனித்தனியாக எழுதியிருப்போம். முதல் மூன்றுக்கும் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள். கல்வி வரி வந்ததும் நிறுத்துவார்கள். "எம் புள்ளைங்க பாதிரிச் சாமியார் ஸ்கூல்ல சம்பளம் கட்டிப் படிக்குது. உங்க முனிசிபல் ஸ்கூலுக்கு நான் எதுக்குங்க அழணும்?" என்பார்கள். பதில் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு ரசீதைக் கிழிப்பேன்.

எங்களுக்கு மேலே ரெவின்யூ ஆபீசர் சண்முகம் பிள்ளை. மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் எழுதிக் கொண்டுபோகும் எந்தக் காகிதத்தையும் அவர் படிக்க மாட்டார். நம்மையே நிற்கவைத்து உரக்கப் படிக்கச் சொல்வார். ஒவ்வொரு வரிக்கும் "ம், மேலே" என்பார். பேனா மூடியைக் கழற்றாமல் மேஜையில் உருட்டிக்கொண்டிருப்பார். எங்கே தப்பு இருக்கிறதோ அந்த இடத்தில் "ம்" வராது. அந்த "ம்" வராமல் நின்ற நிமிஷங்களில் எனக்கு வியர்த்தது போல வெயிலில் அலைந்தபோதுகூட வியர்த்ததில்லை. கடுமையானவர்தான், ஆனால் நேர்மையானவர். இன்று அந்த "ம், மேலே"யை ஒருமுறை கேட்டால் போதும் என்றிருக்கிறது.

ஜப்திக்கு எப்படிப் போக வேண்டும் என்பதை அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பாக்கிக்காரர் வீட்டுக்கு வாரண்டோடு போக வேண்டும். பொழுது சாய்ந்தபின் போகக்கூடாது. சமைக்கும் பாத்திரம், உடுத்தும் துணி, படுக்கை, தாலி, தொழில் செய்கிறவனின் கருவி இவற்றைத் தொடக்கூடாது. எடுக்கிற சாமான் ஒவ்வொன்றையும் அதன் நிலைமையோடும் மதிப்போடும் லிஸ்டில் எழுத வேண்டும். வீட்டில் இருப்பவரிடம் ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஏழு நாள் கழித்து ஏலம். அக்கம்பக்கத்தார் சாட்சிக் கையெழுத்துப் போட வரமாட்டார்கள் என்பதால் சாட்சியையும் நாமே கூட்டிப் போவோம், பெரும்பாலும் பியூனும் வண்டிக்காரனும்தான்.

கடைசியாக ஒன்று சொன்னார். "அங்க போனா காதைப் பூட்டிக்க. கண்ணைத் தொறந்து வச்சுக்க. ஒருத்தன் இது கோயில் வீடும்பான், ஒருத்தன் சத்திரம்பான். எதையும் காதுல வாங்காதே. லிஸ்டை எழுதிட்டு வா."

அதை அப்படியே கேட்டதுதான் நான் செய்த பிழை.

வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, நிரந்தரமாக்கும் உத்தரவு இன்னும் வரவில்லை. வேறு வார்டிலிருந்து என்னை ஒரு புது வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே வரதாச்சாரியார் என்று ஒருவர். ரயில்வே கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வரி செலுத்துவோர் சங்கத்தின் காரியதரிசி. வீட்டு வரி, தண்ணீர் வரி, விளக்கு வரி மூன்றையும் பைசா பிசகாமல் மணியார்டரில் அனுப்பிவிடுவார். கல்வி வரியை மட்டும் இரண்டு வருடமாக நிறுத்தி வைத்திருந்தார். அவர் பேருக்கு வாரண்டு எழுதி என் கையில் கொடுத்தார்கள். நான் அவரைப் பார்த்ததுகூடக் கிடையாது. வாரண்டில் கதவு எண் நாற்பத்தொன்று.

அந்த வருடம்தான் தெருவுக்கும் அதை ஒட்டிய சந்துக்கும் சேர்த்து ஒரே வரிசையாகப் புது நம்பர் கொடுத்திருந்தார்கள். காகிதத்தில் புது நம்பர் ஏறிவிட்டது. கதவுகளில் இன்னும் பழைய தகரம்தான். தெருவிலிருந்த வரதாச்சாரியார் வீடு காகிதத்தில் நாற்பத்தொன்று. சந்துக்குள் இருந்த ஓட்டு வீட்டுக் கதவில் நாற்பத்தொன்று என்று பழைய தகரம். நான் பியூனையும் தள்ளுவண்டிக்காரரையும் கூட்டிக்கொண்டு சந்துக்குள் போனேன். அவர்களும் அந்தப் பக்கத்துக்குப் புதியவர்கள்.

சனிக்கிழமை காலை. உள்ளே ஒரு பெண் தரையில் பாய் போட்டு உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளைப் புடவை, ஓரத்தில் நீலக்கரை. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். சுவரில் ஒரு கரும்பலகை சாய்ந்திருந்தது. டியூஷன் எடுக்கிறவர் போலிருக்கிறது, வரதாச்சாரியார் வீட்டில் குடியிருக்கிறார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

வாரண்டைக் காட்டினேன்.

"இது ஸ்கூலுங்க சார்" என்றார் அவர். "முனிசிபல் எலிமெண்டரி ஸ்கூல். நான் ஹெட்மிஸ்ட்ரஸ், லூர்துமேரி."

"போர்டு எங்கேம்மா?"

"கரையான் தின்னுடுச்சு. புதுசு கேட்டு ஏழு தடவை எழுதிட்டேன்."

நான் பியூனைப் பார்த்துச் சிரித்தேன். சத்திரம் என்பான், கோயில் வீடு என்பான் என்று சண்முகம் பிள்ளை சொன்னாரே, இது புது மாதிரி என்று நினைத்தேன். "வாடகைக் கட்டடமா? சரி. பள்ளிக்கூடம்னா பெஞ்சு எங்க? நாற்காலி எங்க?" என்றேன்.

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார்.

என் கையிலிருந்த வாரண்டை வாங்கிப் படித்தார். பேரைப் படித்தார். நம்பரைப் படித்தார். தலை நிமிர்ந்து கதவைப் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்த்தார். வாரண்டைத் திருப்பிக் கொடுத்தார். அப்போது அவர் மனசில் என்ன ஓடியது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு, மடக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"சரிங்க, எடுத்துக்கங்க" என்றார். "ஆனா ஒண்ணு விடாம எழுதணும். நானே சொல்றேன், எழுதுங்க."

அவர் சொல்லச்சொல்ல நான் எழுதினேன். எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. நாற்காலி ஒன்று, கால் மூன்று, நான்காவதற்குச் செங்கல், மதிப்பு நாலணா. பெஞ்சு ஒன்று, நடுவில் பிளந்தது, மதிப்பு எட்டணா. கடிகாரம் ஒன்று, ஓடவில்லை, முள் ஒன்றுதான், மதிப்பு இல்லை. கரும்பலகை ஒன்று, கருப்பு போனது, மதிப்பு இல்லை. தேசப்படம் ஒன்று, தஞ்சாவூருக்குத் தெற்கே எலி கடித்தது, மதிப்பு இல்லை. மணியாக அடிக்கும் தண்டவாளத் துண்டு ஒன்று, மதிப்பு இரண்டு ரூபாய்.

"மதிப்பு இல்லைன்னு தெளிவா எழுதுங்க சார்" என்றார். "மசி ஊறாம எழுதுங்க."

"வேற?"

"அவ்வளவுதான். அஞ்சு வகுப்புக்கும் சேத்து அவ்வளவுதான்."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நகலை அவரிடம் கொடுத்தேன். அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நாங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். தண்டவாளத் துண்டு வழியெல்லாம் வண்டிச் சட்டத்தில் இடித்து மணியடித்துக்கொண்டே வந்தது. நகராட்சியின் பள்ளிக்கூடத்தை நகராட்சியே ஜப்தி செய்து நகராட்சிக்குக் கொண்டுவந்தது இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்குள் இன்னொரு விஷயம் இருந்தது, அது எனக்குத் தெரியாது. அந்தப் பள்ளியை மூடிவிடலாம் என்று கவுன்சிலில் தீர்மானம் வர இருந்தது. வரி கொடுக்கிற வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிப்பதில்லை. படித்ததெல்லாம் வண்டிக்காரர்கள், சுருட்டுச் சுற்றுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அதுவும் வருகிற நாளில் வரும், வராத நாளில் வராது. நகராட்சியின் வருடாந்திர அறிக்கையில் அந்தப் பள்ளிக்கு நேரே "தளவாடங்கள்: போதுமானவை" என்று வருடா வருடம் அச்சாகிக்கொண்டிருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ எழுதியதை அடுத்தடுத்த வருடம் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். இவ்வளவும் செய்துகொடுத்தும் பிள்ளைகள் வராத பள்ளிக்கு எங்கள் வரிப்பணம் எதற்கு என்று சங்கத்தார் மனுக் கொடுத்திருந்தார்கள். முதல் கையெழுத்து வரதாச்சாரியாருடையது. பள்ளியை மூடினால் அடுத்த பள்ளி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அவ்வளவு தூரம் சின்னப் பிள்ளைகள் போகாது. பக்கத்திலேயே வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டும் பட்டறைகள் இருந்தன. எட்டு வயதுப் பிள்ளைக்கும் அங்கே சக்கரத்தின் முன்னால் இடம் உண்டு. பட்டறைக்காரர் இரண்டு பேர் ஏற்கெனவே வீடு வீடாக வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள்.

திங்கட்கிழமை. சண்முகம் பிள்ளை முன்னால் நின்று லிஸ்டைப் படித்தேன். "நாற்காலி ஒன்று, கால் மூன்று." "ம், மேலே." "பெஞ்சு ஒன்று." "ம், மேலே." கரும்பலகைக்கு வந்தபோது "ம்" வரவில்லை. பேனா உருளுவதும் நின்றது.

"எங்க இருந்துய்யா எடுத்தே?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். துடைத்து முடிக்கவே இல்லை. அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். நெற்றியில் நாமம், கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, கையில் நான்காக மடித்த காகிதம். அவர் யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வரதாச்சாரியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஓய் பிள்ளைவாள், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு டீச்சரம்மா எங்காத்துக்கு வந்தா. இந்த லிஸ்டைக் கொடுத்தா. 'உங்க பேர்ல ஜப்தியான சாமான், நகல் உங்ககிட்டதானே சேரணும்'னு சொல்லிட்டுப் போய்ட்டா. ராத்திரி பூரா படிச்சுண்டிருந்தேன்."

பிள்ளை எழுந்தே நின்றுவிட்டார். "சுவாமி, பையன் புதுசு. நம்பர் மாறிப்போச்சு. இப்பவே ரத்து பண்ணிடறேன்."

"அதெல்லாம் பண்ணப்படாது."

"சுவாமி?"

"ஜப்தியை ரத்து பண்ணினா லிஸ்டும் ரத்தாயிடும். இது இல்லேன்னு ஆயிடும். நீர் அச்சுப் போட்ட ரிப்போர்ட்டுல போதுமானவைன்னு இருக்கு. அதை நம்பித்தான் நான் கையெழுத்துப் போட்டேன். முப்பது வருஷம் கணக்கு ஆபீஸ்ல குப்பை கொட்டினவன், ஒரு தடவை அந்தச் சந்துக்குள்ள போய் எட்டிப் பாக்கலே பாரும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு வருஷக் கல்வி வரியையும் கட்டிடறேன். கட்டினா என் சாமான் எனக்கு வந்துடணுமோ இல்லையோ? முறைப்படி ரசீது போடும். சாமானைத் திருப்பிக் கொடுத்ததா எழுதும். லிஸ்டு ஆபீஸ் ரிக்கார்டுல இருக்கட்டும்."

அப்படியே நடந்தது. ரசீது எழுதியது நான்தான். அன்றைக்கு எழுத்துக் கோணியது. ஓடாத கடிகாரத்துக்கும் கால் போன நாற்காலிக்கும் அந்த மனிதர் சட்டப்படி சொந்தக்காரராகி, அதே சாமானைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பச் சொன்னார். அதோடு விடவில்லை. லிஸ்டை நான்கு பிரதி எழுதி, வேறொரு மனுவோடு சேர்த்து, முன்பு கையெழுத்துப் போட்ட அத்தனை பேரிடமும் நடந்தே போய்த் திரும்பவும் கையெழுத்து வாங்கினார். எங்கள் வரி எதற்கு என்பது முந்தின மனு. எங்கள் வரிக்குப் பெஞ்சு போடுங்கள் என்பது இந்த மனு. கவுன்சிலில் மூடும் தீர்மானத்தைத் தள்ளி வைத்தார்கள், பிறகு அதை எடுக்கவே இல்லை. பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் மஞ்சூர் ஆயிற்று, பணம் ஒதுக்கி உத்தரவு போட்டார்கள்.

எனக்கும் ஒன்று மஞ்சூர் ஆயிற்று. சோதனைக்காலத்தை இரண்டு வருடம் நீட்டி, வேறு வார்டுக்கு மாற்றி, பள்ளிக்கூடம் இருந்த வார்டுக்குள் வேலை விஷயமாக இனி கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு. பிள்ளை அதையும் என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் "ம், மேலே" என்றார். கடைசி வரியில் மட்டும், "போய்ட்டு வாய்யா. சாமானை நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்றார்.

அன்று பிள்ளைகள் இருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் "மணி வந்துருச்சு, மணி வந்துருச்சு" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். டீச்சர் ஒவ்வொரு சாமானையும் லிஸ்டைப் பார்த்துச் சரிபார்த்து வாங்கிக்கொண்டார். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேள்விப்பட்டேன் சார்."

நான் லிஸ்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"தப்பான வீட்டுக்கு வந்துட்டீங்கன்னு வாரண்டைப் படிச்சதுமே எனக்குத் தெரியும். தெருப் பக்கம் கை காட்டியிருந்தா போயிருப்பீங்க. உங்க வேலைக்கு ஆபத்து வரும்னும் தெரியும். இருந்தும் எழுதச் சொன்னேன்." அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. "மன்னிக்கணும்னு கேக்கலை. மறுபடியும் அப்படித்தான் செய்வேன். ஆனா உங்க சேதி கேட்டதுலேர்ந்து சோறு எறங்கலை."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு அப்போது வாயில் வந்தது இதுதான்: "என் கையெழுத்து நல்லா இருந்துச்சுங்களா?"

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். "ரொம்ப நல்லா இருந்துச்சு. அதனாலதான் அவர் முழுசாப் படிச்சார்." படியிறங்கும்போது, "பெஞ்சு வந்ததும் ஒரு நாள் வந்து பாருங்க. வேலையா வரவேணாம், சும்மா வாங்க" என்றார்.

சும்மா போயிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோயில் விட்டு வருகிற நேரத்தில் எதிரே நடந்திருக்கலாம். உத்தரவு வேலை விஷயத்துக்குத்தானே தவிர, என் கால்களுக்கு இல்லை. ஆனால் நான், நிரந்தர உத்தரவு கையில் வரட்டும், தலை நிமிர்ந்து போகலாம் என்று நினைத்தேன். புது வார்டில் வெயிலில் அலைவேன். எந்த வீட்டிலாவது "கல்வி வரியை எதுக்குங்க கட்டணும்?" என்று கேட்டால் இப்போது பதில் சொல்ல வந்தது. பிளந்த பெஞ்சைப் பற்றிச் சொல்வேன், எலி கடித்த தேசப்படத்தைப் பற்றிச் சொல்வேன். திட்டிக்கொண்டாவது கொடுத்தார்கள். சாயங்காலம் புத்தூர் அறைக்கு வந்து, அன்றைக்கு என்னென்ன சொன்னேன் என்று அவரிடம் சொல்வதுபோல மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். அறை நண்பர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். பிடித்துத்தான் இருந்தது. சாதி வேறு, மதம் வேறு, அவர் ஹெட்மிஸ்ட்ரஸ், நான் நிரந்தரம் ஆகாத பில் கலெக்டர். இதெல்லாம் தெரிந்தும் இரண்டு வருடம் அப்படியே இருந்தேன்.

உத்தரவு வந்த அன்றே போனேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாசலில் புதுப் பெயர்ப்பலகை. உள்ளே பெஞ்சுகள், வரிசைக்கு நான்கு பிள்ளைகள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் ஒரு நடுத்தர வயது மனிதர் எழுந்து, "வாங்க, உக்காருங்க. எந்தப் புள்ளையோட அப்பா?" என்றார்.

"இல்லீங்க. முன்னால இருந்த டீச்சர்..."

"லூர்துமேரி டீச்சரா? போன ஜூன்லயே வேலையை விட்டுட்டாங்களே. அம்மாவுக்கு முடியலைன்னு ஊருக்குப் போயிட்டாங்க." மேஜை டிராயரை இழுத்தார். "அட்ரஸ் குடுத்துட்டுப் போயிருக்காங்க. யாராவது தேடி வந்தா குடுங்கன்னு சொன்னாங்க. எழுதித் தரட்டுங்களா?"

பிள்ளைகள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. சலவைச் சட்டை வேறு.

"வேண்டாங்க, சும்மா கேட்டேன்" என்றேன்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், இன்ஸ்பெக்டராகி ஓய்வு பெற்றேன். நல்ல வாழ்க்கைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. தப்பான வீட்டில் ஜப்தி செய்ததற்காக ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை. யாராவது தேடி வந்தால் கொடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வேறு யார் தேடி வரப் போகிறார்கள்?